தோளில் வந்த துரைமார்கள்

குடியாத்தத்துக்காரர் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ரயிலேறிக் கிழக்கே 150 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஊருக்குள் ஓடுவது கௌண்டன்யா ஆறு. ‘ஓடுவது’ என்று சொன்னது ஒரு மரியாதைக்காக. வருஷத்தில் பல மாதம் அது ஓடாது. நாம்தான் அதில் இறங்கி ஓடலாம். கெங்கையம்மன் என்று கங்கையின் பெயரிலேயே தெய்வத்தை வைத்து, வைகாசி முதல் தேதி சிரசுத் திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் ஜனத்தைச் சேர்க்கிற ஊர் இது. சேராதது தண்ணீர் ஒன்றுதான்.

இப்பேர்ப்பட்ட ஊரிலிருந்து இளவட்டங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் பிடித்து, கயாக் ஓட்டுகிறேன் பேர்வழி என்று கோவளத்துக்கும் பிச்சாவரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் கிளம்பிவிடுகிறார்கள். “தொட்டித் தண்ணியில நீஞ்சத் தெரியாதவனுக்குக் கடல்ல இன்னாடா வேல?” என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கடலைப் பற்றி எதுவும் தெரியாமல் கடலில் இறங்குவது ஒன்றும் புதுசு இல்லை, ஐயா. நம் கரையில் சரித்திரம் படைத்த மகாகனம் பொருந்தியவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் செய்தார்கள்!

முதலில் ஒரு விஷயம். கயாக் என்பது பிறப்பால் ஒரு தோல் பொருள். வடதுருவத்து இனுயிட் மக்கள், மிதந்துவந்த மரத்தையும் எலும்பையும் கட்டிச் சட்டம் செய்து, அதன்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்து உண்டாக்கிய படகு அது. தைத்தது பெண்கள். தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வராத தையல். ஆம்பூரும் பேரணாம்பட்டும் வாணியம்பாடியும் உலகத்துக்கே ஷூ தைத்துக் கொடுக்கின்றன. இந்த ஒரு ஆர்டர் மட்டும் எப்படிக் கைநழுவிப் போனது என்பது தெரியவில்லை. அவசரப்பட்டு யாரும் இப்போது ஷெட் போட வேண்டாம். இன்றைக்கு அதுவும் பிளாஸ்டிக்கில் வந்துவிட்டது.

சரி, நம் கரைக்கு வருவோம். கடல் என்றதும் தமிழன் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிற பெயர் ராஜேந்திர சோழன். 1025 வாக்கில் கடாரம் வரை கப்பற்படை போனது. வெற்றி. சந்தேகமே இல்லை. ஆனால் மெய்க்கீர்த்தியைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். அலைகடல் நடுவே பல கப்பல்களை மன்னன் செலுத்தினான் என்றுதான் இருக்கிறது. அவனே ஏறிப் போனானா என்று அறிஞர்கள் இன்னும் தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறார்கள். யார் யாருக்குக் குமட்டியது, யார் வாந்தி எடுத்தார் என்பதெல்லாம் கல்வெட்டில் ஏறவில்லை. கல்தச்சனுக்கு வயிற்றுப் பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதே!

அடுத்து வருகிறார் பிரான்சிஸ் டே. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1639-ல் சென்னைக்கு இடம் பிடித்துக் கொடுத்த மகானுபாவர். கம்பெனிக்கு வேண்டியது என்ன? கப்பல் வியாபாரத்துக்கு ஓர் இடம். மனிதர் சோழமண்டலக் கரையெல்லாம் சுற்றிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது எது? துறைமுகமே இல்லாத, கப்பல் கிட்டவே நெருங்க முடியாத, அலை வரிசை கட்டி உடைகிற ஒரு மணல் திட்டு! துணி இங்கே விலை மலிவு என்று அவர் காரணம் சொன்னார். பக்கத்துச் சாந்தோமில் அவருக்கு ஒரு காதலி இருந்தாள், அடிக்கடி பார்க்க வசதி என்று ஊரார் காரணம் சொன்னார்கள். வதந்திதான். ஆனால் அந்த மணலை நேரில் பார்த்தவர்களுக்கு, வதந்தியே மேல் என்று தோன்றியிருக்கும்.

இடம் பிடித்தாகிவிட்டது. இனிமேல்தான் கூத்து.

லண்டனிலிருந்து ஆறு மாதம், எட்டு மாதம் மிதந்து வருகிற கப்பல், கரையிலிருந்து ஒரு மைல், இரண்டு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நின்றுவிடும். கோட்டை தெரியும், கொடி தெரியும், கரையில் நடக்கும் ஆள்கூடத் தெரியும். போகத்தான் முடியாது. நடுவே மூன்று வரிசை அலை. இங்கிலாந்துப் படகை இறக்கினால் முதல் வரிசையிலேயே பலகை பலகையாகப் பிரிந்துவிடும். உலகக் கடலையெல்லாம் ஆளப் பிறந்ததாக நினைத்துக்கொண்டிருந்த ஒரு சாம்ராஜ்யம், கடைசி ஒரு மைலுக்கு வழி தெரியாமல் கப்பல் தளத்தில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அப்போது அலைமேல் ஒருவர் நடந்து வருவார். நடந்துதான். அவர் நிற்கிற கட்டுமரம் தண்ணீரோடு தண்ணீராக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. இடுப்பில் ஒரு கோவணம். தலையில் கூம்பு மாதிரி ஒரு தொப்பி. அதற்குள் கவர்னர் மாளிகைக் கடிதம், சொட்டு நனையாமல். கப்பலில் ஏறி, விக்கித்துப்போய் நிற்கும் சீமாட்டிகளைத் தாண்டி, கேப்டன் கையில் கடிதத்தைக் கொடுப்பார். இந்தியாவைப் பற்றி எத்தனையோ புத்தகம் படித்துத் தயாராக வந்த குடும்பங்கள் அவை. எந்தப் புத்தகமும் இந்தத் தபால்காரரைப் பற்றி எச்சரிக்கவில்லை! 1690-ல் சென்னைக்கு வந்த வில்லியம் டாம்பியர் என்கிற கடல்கொள்ளைக்காரர் இந்தக் கட்டுமரத்தைப் பார்த்து வியந்து தன் புத்தகத்தில் எழுதி வைத்தார். கொள்ளைக்காரருக்கே வியப்பு வந்ததென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்களை ஏற்ற வருவது மசூலா படகு. இதில் ஆணி என்ற பேச்சே கிடையாது. பலகைகளை ஓட்டை போட்டுத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். உள்ளே குறுக்குச் சட்டமும் இல்லை. தைத்த படகு என்பதைக் கேட்டதும் வெள்ளைக்கார இன்ஜினியர்களுக்குச் சிரிப்பு. ஆனால் அலை அறைந்தால் ஆணி அடித்த படகு முறைத்துக்கொண்டு உடையும். தைத்த படகு கொஞ்சம் நெளிந்து கொடுத்துவிட்டு மறுபடி நிமிரும். கயிறு தாங்கியது, இன்ஜினியர்களின் சிரிப்புதான் தாங்கவில்லை.

படகின் பின்பக்கம் நிற்பவர் தண்டல். அவர்தான் அந்த அரை மணி நேரத்துக்குச் சக்கரவர்த்தி. பத்துப் பேர் துடுப்புப் போட, ஒரு பாட்டு ஏறி இறங்கும். முதல் அலை தாண்டும். இரண்டாவது தாண்டும். மூன்றாவதற்கு முன்னால் பாட்டு நின்றுவிடும். துடுப்பும் நின்றுவிடும். தண்டல் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

“தொரை, கூலி பத்தாதுங்க.”

ஒப்பந்தம் கோட்டையில் எழுதியிருக்கும். கட்டணம் சட்டத்தில் இருக்கும். ஆனால் சட்டம் கரையில் இருந்தது. துரை அலையில் இருந்தார். கொடுத்தார்கள். நவாபிடம் பேரம் பேசி நாட்டையே வாங்கிய மேதைகள், நம்ம ராயபுரத்து ஆளிடம் வாயைத் திறக்காமல் பையைத் திறந்தார்கள். நடுவழியில் ரேட்டை ஏற்றுவது ஏதோ செல்போன் ஆப் வந்த பிறகு பிறந்த வியாதி என்று நினைப்பவர்கள் தயவுசெய்து திருத்திக்கொள்ளவும்.

பக்கத்திலேயே இரண்டு கட்டுமரங்கள் துணைக்கு வரும். யாராவது விழுந்தால் தூக்க. காப்பாற்றிய கட்டுமரக்காரருக்குப் பதக்கம் உண்டு. துணிவுக்குக் கொடுத்த பதக்கம், மறுக்கவில்லை. ஆனால் பதக்கம் வாங்க வேண்டுமென்றால் முதலில் ஒரு துரை விழுந்தாக வேண்டும் இல்லையா? இந்தச் சின்னக் கணக்கைக் கம்பெனியின் கணக்குப்பிள்ளைகள் யோசித்தார்களா என்பது நமக்கு வேண்டாத சந்தேகம்.

படகு கரை தட்டினாலும் முடிந்ததா? இல்லை. முழங்கால் தண்ணீர் மிச்சமிருக்கும். பட்டு ஸ்டாக்கிங்ஸ், வெள்ளிக் கொக்கி போட்ட செருப்பு. எனவே துரைமார்கள் படகோட்டிகளின் தோளில் ஏறிக்கொண்டு, ஒரு கை அவர் தலைமுடியில், ஒரு கை தன் விக்கில் என்று கரை சேர்ந்தார்கள். கோட்டையில் பீரங்கி முழங்க, கவர்னர் மாட்சிமையோடு வந்து இறங்கினார் என்று பழைய குறிப்புகள் எழுதும். எதிலிருந்து இறங்கினார் என்பதை மட்டும் நாகரிகமாக விட்டுவிடும்.

ராபர்ட் கிளைவுக்கும் இதேதான் வரவேற்பு. 1744-ல், 18 வயதில், குமாஸ்தாவாக வந்தார். அதற்கு முன்னாலேயே கடல் அவரை இன்டர்வியூ எடுத்துவிட்டது. வந்த கப்பல் வழி தப்பி பிரேசில் கரையில் போய்த் தரைதட்டியது. பழுது பார்க்க மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தார்கள். அந்த நேரத்தில் கிளைவ் கப்பலிலிருந்து தவறிக் கடலில் விழுந்தார். ஆளைத் தூக்கிவிட்டார்கள், தொப்பி, விக், செருப்பு மூன்றும் போனது போனதுதான். பிற்காலத்தில் ஆற்காட்டைப் பிடித்து, பிளாசியில் ஜெயித்து, இந்தியாவையே வளைத்தார் என்று பாடம் படிக்கிறோம். மனிதர் போன விக்குக்கு நஷ்டஈடு வசூலித்தார் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும்.

பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் சளைத்தவர்களா? 1746 செப்டம்பரில் லா போர்தோனே என்கிற தளபதி, கப்பற்படையோடு வந்து சென்னையைப் பிடித்தார். பிடித்த கையோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் ஊரைத் திருப்பிக் கொடுக்க ஆங்கிலேயரிடம் எவ்வளவு கறப்பது என்று பேரம். ஊர் யாருக்குச் சொந்தம் என்று புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயோடு சண்டை. லெட்டர் மேல் லெட்டர். இருவருமே மெத்தப் படித்தவர்கள். ஐப்பசி பிறந்தால் வாடைக்காற்றும் புயலும் வரும், கப்பலை அங்கே நிறுத்தாதே என்பது கடற்கரையில் மணல் வீடு கட்டுகிற குழந்தைக்கும் தெரியும். யாரும் குழந்தையைக் கேட்கவில்லை. அக்டோபர் நடுவில் ஒரே ராத்திரி. புயல் வந்து கப்பற்படையைச் சிதைத்துவிட்டுப் போனது. வெற்றி வீரர் ஊர் திரும்பி, பரிசாக பாஸ்டீல் சிறைக்குப் போனார். சென்னை இரண்டு வருஷத்தில் மறுபடி ஆங்கிலேயர் கைக்குப் போக ஒப்பந்தமானது. டூப்ளே அத்தனை கடிதத்துக்கும் மை செலவு செய்ததுதான் மிச்சம்.

இந்தக் கதையில் குடியாத்தம் எங்கே என்று கேட்பீர்கள். வருகிறது. 1856 ஜூலை 1-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அடுத்த சில வருஷங்களில் தண்டவாளம் குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று மேற்கே நீண்டது. ஆவாரம்பட்டையில் ஊறிப் பதப்பட்ட நம்ம பக்கத்துத் தோல், ‘ஈஸ்ட் இண்டியா’ தோல் என்ற பெயரோடு லண்டன் ஏலத்துக்குப் போனது. ராயபுரம் வரை நீராவி, புகைவண்டி, விக்டோரியா மகாராணி, தொழிற்புரட்சி எல்லாம் உண்டு. ராயபுரத்தைத் தாண்டினால்? அதே தைத்த படகு, அதே மூன்று அலை, அதே தண்டல்! குடியாத்தத்துக்காரர்கள் கடலில் இறங்காமல் இருந்திருக்கலாம். அவர்கள் ஊர் மாட்டுத்தோல் அவர்களுக்கு முன்பே அலை தாண்டிவிட்டது.

இப்படியே போனால் மானம் போகிறது என்று சர்க்கார் துறைமுகம் கட்டத் தீர்மானித்தது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசரே வந்து அடிக்கல் நாட்டினார். வில்லியம் பார்க்ஸ் என்ற இன்ஜினியர் கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டுவது மாதிரி சுவர் கட்டினார். வாசல் நேர் கிழக்கே, வங்காள விரிகுடாவைப் பார்த்து. வீட்டுக்கு வாஸ்து பார்ப்பவர்கள் பாராட்டியிருப்பார்கள். கடல் பாராட்டவில்லை. வேலை முடியப்போகிற நேரம், 1881 நவம்பரில் புயல் வந்து சுவர்களைப் பிய்த்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். திறந்த வாசல் வழியாக அலை, விருந்தாளி மாதிரி நேராக உள்ளே வந்து உட்கார்ந்தது. கடைசியில் இருபதாம் நூற்றாண்டில் பிரான்சிஸ் ஸ்பிரிங் வந்து அந்த வாசலை அடைத்து, வடகிழக்கே புது வாசல் வைத்தார். இளவரசர் கல்லை நாட்டிவிட்டுப் போய்விட்டார். அதைச் சுற்றி இருந்த துறைமுகத்தைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

இதில் உபரியாக ஒரு அதிசயம். இந்தச் சுவர் வந்ததும், கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைபட்டுத் தென்பக்கம் குவிந்தது. அதுதான் மெரினா. அந்த நேரம் பார்த்து கவர்னராக இருந்தவர் கிராண்ட் டஃப். 1880-களில் கரையோரம் உலாவ ஒரு பாதை போட்டு, இத்தாலி நினைப்பில் மெரினா என்று பெயரும் வைத்து, தான் ஒரு கடற்கரையைப் படைத்துவிட்டதாகப் பெருமைப்பட்டார். மணலைக் கொண்டுவந்து கொட்டியது கடல். கொட்ட வைத்தது உடைந்த துறைமுகம். பெயர் வைத்தது கவர்னர். வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் கரை அரித்து வீட்டை இழந்தவர்கள், பெயர் எதுவும் வைக்கவில்லை.

துறைமுகம் என்றால் எப்படி இருக்க வேண்டும்? 1954-ல் காமராஜரைக் கேளுங்கள். முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் சட்டசபை உறுப்பினராக இல்லை. ஆறு மாதத்துக்குள் எங்காவது ஜெயித்துக் கரையேற வேண்டும். பிறந்த விருதுநகரை விட்டுவிட்டு, கடலே இல்லாத குடியாத்தத்தில் வந்து நங்கூரம் போட்டார். எதிர்முகாமில் இருந்த தி.மு.க.கூட ஆதரவுக் கை நீட்டியது. அலை இல்லை, தண்டல் நடுவழியில் கூலி கேட்கவில்லை, வேட்டி நனையவில்லை. பார்க்ஸ் துரை சென்னையில் கட்டுவதற்கு முன்னால் குடியாத்தத்தில் வந்து துறைமுகம் கட்டப் பழகியிருக்கலாம்!

கயாக் என்று தொடங்கிவிட்டு கவர்னர்களோடு சுற்றுகிறோம். உண்மையிலேயே கயாக்கில் நம் கரைக்கு வந்த ஒருவரை விட்டுவிட்டால் பாவம். பெயர் ஆஸ்கர் ஸ்பெக். ஜெர்மனியில் வேலை போன ஒரு எலக்ட்ரீஷியன். 1932-ல் உல்ம் நகரத்தில் ஒரு மடக்கு கயாக்கை டான்யூப் நதியில் இறக்கினார். சைப்ரஸ் போனால் தாமிரச் சுரங்கத்தில் வேலை கிடைக்கும் என்று எண்ணம். சைப்ரஸ் வந்தது. “இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் கொஞ்சம் போகலாமே” என்று தோன்றியது. அந்தக் கொஞ்சம் ஏழு வருஷம் ஆனது. யூப்ரடீஸ், பாரசீக வளைகுடா, இந்தியாவின் மேற்குக் கரை, 1935-ல் இலங்கை, பிறகு நம் சோழமண்டலக் கரையோரமாகவே சென்னை, கல்கத்தா, பர்மா என்று துடுப்புப் போட்டுக்கொண்டே போனார். இதில் முக்கியமான தகவல்: அவருக்கு நீச்சல் தெரியாது.

1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் வடக்குத் தீவு ஒன்றில் போய்ச் சேர்ந்தார். சுமார் 50,000 கிலோமீட்டர். படகில் சின்னதாக ஒரு ஸ்வஸ்திகா கொடி. கரையில் போலீஸ் நின்றது. சாதனைக்குக் கைகுலுக்கிப் பாராட்டினார்கள். பாராட்டி முடித்ததும் கைது செய்தார்கள். ஏனென்றால் அவர் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டாம் உலகப்போர் தொடங்கிவிட்டது. அவர் எதிரி நாட்டான்! போர் முடியும் வரை முகாம் வாசம். பிறகு அங்கேயே ஓபல் கல் வியாபாரியாகி நிம்மதியாக வாழ்ந்தார். ஏழு வருஷம் நியூஸ் பார்க்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இவர் பாடம். இருந்தாலும் நியூஸ் பார்த்தவர்களைவிட அவர் சந்தோஷமாகத்தான் இருந்திருப்பார் என்று ஒரு எண்ணம்.

சரி, நம்ம குடியாத்தம் பார்ட்டியை பிச்சாவரத்தில் விட்டுவிட்டு வந்துவிட்டோம். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலைத் தொடுகிற இடத்துக்கு நடுவே சுரபுன்னைக் காடு, ‘இதயக்கனி’யில் எம்.ஜி.ஆர். வந்துபோன அதே கால்வாய்கள். இங்கே எல்லாம் கடல் ஏற்றமும் வற்றமும் வைத்த சட்டம். நம் கிழக்குக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் பெரிய அமாவாசை, பௌர்ணமியிலேயே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் அது 16 மீட்டர் வரை போகும். “ஒரு மீட்டர்தானே மச்சான்” என்று இளக்காரமாகக் கிளம்புவார்கள். கால்வாயில் இருப்பதே ஒரு மீட்டர் தண்ணீர்தான் என்பது ஆறு மணி நேரம் கழித்து, சேற்றில் உட்கார்ந்திருக்கும்போது விளங்கும். லா போர்தோனேவுக்கு ஐப்பசி எப்படியோ, இவர்களுக்கு வற்றம் அப்படி. இத்தனைக்கும் ஹைதராபாத்தில் இன்கோயிஸ் என்று ஒரு மத்திய அரசு நிறுவனம் அலை எவ்வளவு உயரம், காற்று எந்தப் பக்கம் என்று தினமும் இலவசமாகச் சொல்கிறது. துரைமார்கள் காலத்தில் அலை மோசமென்றால் கரையில் ஒரு கொடி ஏற்றுவார்கள். கொடியைப் பார்க்காதவர்கள் அன்றும் இருந்தார்கள்.

ஒன்றே ஒன்றுதான் தலைகீழாக மாறியிருக்கிறது. அன்றைக்குத் துரைமார்களின் ஒரே லட்சியம் நனையாமல் கரை சேர்வது. துடுப்பைத் தொடாமல் இருப்பதற்காகப் பணம் கொடுத்தார்கள். இன்றைக்கு நாம் துடுப்பைத் தொடுவதற்காகப் பணம் கொடுக்கிறோம். நனையவில்லை என்றால் காசு வீண் என்று வருத்தம். நனைந்ததை எவனும் வீடியோ எடுக்கவில்லை என்றால் அதைவிடப் பெரிய வருத்தம். தண்டல் செய்த வேலையை, தண்டலுக்கே கூலி கொடுத்து, நாம் செய்கிறோம். முதலாளித்துவம் எத்தனையோ தந்திரம் கண்டுபிடித்திருக்கிறது. இதற்கு ஈடாக ஒன்றைச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

கோவளத்தில் மீனவர் குடும்பத்துப் பையன்கள்தான் இப்போது அலைச்சறுக்குக்கும் துடுப்புக்கும் வாத்தியார்கள். ஐ.டி. மேனேஜரும், தோல் எக்ஸ்போர்ட்டர் வீட்டுப் பிள்ளையும் லைஃப் ஜாக்கெட்டில் உப்பிப்போய் அவர்கள் முன்னால் கைகட்டி நிற்கிறார்கள். “குந்துங்க சார். ஆடாதீங்க சார். அலை வரும்போது என்னப் பாக்காதீங்க, அலையப் பாருங்க சார்.” கிளைவுக்கு இந்த வகுப்பு கிடைத்திருந்தால் விக் தப்பித்திருக்கும்; இந்தியாவும் தப்பித்திருக்குமோ என்னவோ.

நேரம் முடியும். கை வலிக்கும். ஆனாலும் நண்பர்கள் முன்னால் கெத்து விடாமல் ஒருவன் கேட்பான், “அண்ணா, இன்னொரு ரவுண்டு போலாமாண்ணா?”

வாத்தியார் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

“போலாம் சார். ஆனா அது தனி ரேட்டு.”